தென் அமெரிக்காவின் நிலஅமைப்பை ஒரே தாளில் வரைந்து மனதில் நிறுத்துவது எப்படி

ஒரு கண்டத்தின் மலை, பீடபூமி, சமவெளி, பாலைவனம் எல்லாவற்றையும் பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுவாரமே பாதி பறந்துவிடும். அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஏ4 தாள், பென்சில், அடிக்கோல், எட்டுப் பத்து வண்ணப் பென்சில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வரையப்போகும் வரிசைதான் இங்கே முக்கியம்: எது காரணமோ அது முதலில், எது விளைவோ அது அப்புறம். முதலில் பாறை, அடுத்தது மலை, பிறகு காற்று, அதன்பின் ஆறு, கடைசியாகத்தான் காடும் புல்லும். பாடநூல்கள் பெரும்பாலும் இந்த ஐந்தையும் தனித்தனி வரைபடமாகத் தருகின்றன, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பது அங்கேயே தொலைந்துபோகிறது.

இந்த முறையைப் பழகத் தென் அமெரிக்காதான் சிறந்த கண்டம் என்பது என் கருத்து. சுமார் 1 கோடியே 78 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆனாலும் அதன் அமைப்பு மிகத் தெளிவானது. மேற்கு விளிம்பில் ஒரே நீண்ட மலைத்தொடர், கிழக்கே இரண்டு பழைய உயர்நிலங்கள், நடுவில் தாழ்நிலம். இந்த மூன்றையும் சரியாக வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும்.

சட்டமும் கரையும்

தாளை நெட்டுவாக்கில் வைத்து 27 செ.மீ. உயரம், 18.5 செ.மீ. அகலத்தில் ஒரு செவ்வகம் போடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை டிகிரி என்று கணக்கு. மேல்கோடு வடக்கு 12 டிகிரி, கீழ்க்கோடு ஏறக்குறைய தெற்கு 56 டிகிரி, இடது கோடு மேற்கு 81 டிகிரி, வலது கோடு மேற்கு 35 டிகிரி. மேலிருந்து 4.8 செ.மீ. இறங்கி ஒரு கிடைக்கோடு போட்டால் அது நிலநடுக்கோடு. 14.2 செ.மீ.-இல் இன்னொன்று போட்டால் மகரரேகை. இந்த இரண்டு கோடுகளையும் மெல்லியதாகவே போடுங்கள், காற்று வரையும்போது திரும்பவும் தேவைப்படும்.

இப்போது சில புள்ளிகள். இடது ஓரத்திலிருந்தும் மேலிருந்தும் எவ்வளவு தூரம் என்று சொல்கிறேன். மேல்கோட்டிலேயே, இடமிருந்து 3.7 செ.மீ.-இல் கண்டத்தின் வடமுனை, கொலம்பியாவின் புன்டா கயினாஸ். பனாமாவோடு ஒட்டும் இடம் இடமிருந்து 1.4, மேலிருந்து 1.6. மேற்கு முனை பெருவில், இடது ஓரத்திலேயே மேலிருந்து 6.7. நிலநடுக்கோட்டின்மேல் இடமிருந்து 12.4 செ.மீ.-இல் அமேசானின் முகத்துவாரம். வலது ஓரத்தைத் தொடும் பிரேசிலின் கிழக்கு முனை மேலிருந்து 7.6. ரியோ டி ஜெனிரோவுக்குக் கிழக்கே கரை மடங்கும் இடம், மேலிருந்து 14, இடமிருந்து 15.6. லா பிளாட்டா கழிமுகம், மேலிருந்து 18.8, இடமிருந்து 9.6. தென்கோடியில் ஹார்ன் முனை, கீழ்க்கோட்டில் இடமிருந்து 5.6. கடைசியாக ஒரு புள்ளி, பலர் விட்டுவிடுவது: மேலிருந்து 12.2, இடமிருந்து 4.3. அது சிலியின் வடகோடியில் உள்ள அரிகா நகரம். பெருவின் கரை தென்கிழக்காக ஓடிவந்து, இந்த இடத்தில் சட்டென்று திரும்பி நேர்தெற்காக இறங்குகிறது. இந்த முழங்கை மடிப்பைச் சரியாகப் போட்டாலே உங்கள் படம் தென் அமெரிக்காவாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

புள்ளிகளை இணையுங்கள். கரையின் சின்னச் சின்ன வளைவுகளைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்தக் கட்டத்தில் எல்லா டிகிரிக்கும் ஒரே அகலம் கொடுத்திருக்கிறோம், அதனால் கண்டத்தின் தென்பகுதியான படகோனியா உண்மையில் இருப்பதைவிடப் பருமனாகத் தெரியும். உண்மையில் அது ஒடுங்கிக்கொண்டே போகும் ஒரு வால். படகோனியாவின் தட்பவெப்பம் வட அமெரிக்காவின் உட்பகுதியைப்போல் கடுமையாக ஏறி இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம், எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல் தூரத்தில் இல்லை.

பழைய பாறை முதலில்

எல்லோரும் உடனே ஆண்டீஸைப் போடப் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். சாம்பல் நிறத்தை எடுத்து அமேசான் முகத்துவாரத்துக்கு வடமேற்கே, வெனிசுலாவின் தெற்கிலிருந்து கயானா, சுரினாம், பிரெஞ்சு கயானா வழியாக ஒரு திட்டு தீட்டுங்கள். அது கயானா உயர்நிலம். முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிரேசிலின் கிழக்குப் பாதியை நிரப்பும் இன்னும் பெரிய திட்டு பிரேசில் உயர்நிலம். இரண்டும் ஒரே பழைய அடிப்பாறைத் தொகுதியின் வெளியே தெரியும் பகுதிகள்தான், நடுவில் அமேசானின் வண்டல் மூடிக்கிடக்கிறது. ஆண்டீஸின் வயது கோடிகளில் என்றால் இந்தப் பாறைகளின் வயது நூறு கோடிகளில்.

கயானா உயர்நிலத்தில் டெப்பூய் எனப்படும் மேசைமலைகள் உள்ளன. ஒரு காலத்தில் பரந்து கிடந்த மணற்பாறைப் படுகை, அரிப்பில் கரைந்து போக, மிச்சம் நின்ற துண்டுகள் இவை. செங்குத்தான சுவர், தட்டையான உச்சி. ரொராய்மா சுமார் 2,810 மீட்டர். ஔயான் டெப்பூயின் விளிம்பிலிருந்துதான் 979 மீட்டர் உயர ஏஞ்சல் அருவி விழுகிறது. சாம்பல் திட்டுக்குள் சின்னச் சதுரங்களாக இவற்றைக் குறியுங்கள்.

பிரேசில் உயர்நிலத்தில் கவனிக்க வேண்டியது அதன் சாய்வு. அட்லாண்டிக் பக்கம் செர்ரா டோ மார் என்ற செங்குத்தான விளிம்பு கடலை ஒட்டியே எழுகிறது, அங்கிருந்து நிலம் உள்நாட்டை நோக்கிச் சாய்கிறது. இதன் விளைவு வியப்பானது. டியேட்டே ஆறு கடற்கரையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தூரத்தில்தான் பிறக்கிறது, ஆனால் அந்தக் கடலுக்குப் போக முடியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு வடமேற்காக 1,100 கிலோமீட்டர் ஓடி, பரனா ஆற்றில் சேர்ந்து, சுற்றி வளைத்து லா பிளாட்டா வழியாகத்தான் அட்லாண்டிக்கை அடைகிறது. இந்த ஒரு ஆற்றை இப்போதே நீலத்தில் வரைந்துவிடுங்கள், உயர்நிலத்தின் சாய்வு பிறகு மறக்கவே மறக்காது. தெற்குப் பகுதியில் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து கிடக்கிறது. தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரியத் தொடங்கிய காலம் அது, இதே குழம்பின் ஒரு சிறு பகுதி இன்றைய நமீபியாவில் இருக்கிறது. இகுவாசு அருவி இறங்குவது இந்தப் பாறைப் படிகளில்தான்.

ஆண்டீஸ்: ஒரே கோடாகப் போடாதீர்கள்

இப்போது மேற்கு விளிம்பு. கடலுக்குள் கரையை ஒட்டி ஒரு கருநீலக் கோடு இழுங்கள், அது பெரு-சிலி அகழி, ஆழமான இடத்தில் 8,000 மீட்டருக்கும் மேல். பசிபிக் கடலடியில் உள்ள நாஸ்கா என்ற பெரும் பாறைத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் இங்கேதான் தென் அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. 1960-இல் தெற்குச் சிலியில் 9.5 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம், கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியது, இந்த நுழைவின் விளைவே.

அகழிக்கு இணையாகக் கரைமேல் பழுப்பு நிறத்தில் மலையைப் போடுங்கள். சுமார் 7,000 கிலோமீட்டர் நீளம், ஆனால் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கொலம்பியாவில் மூன்று இழைகளாகப் பிரிந்து நிற்கும். மேற்கு இழைக்கும் நடு இழைக்கும் இடையில் காவ்க்கா ஆறு, நடு இழைக்கும் கிழக்கு இழைக்கும் இடையில் மக்தலேனா. எக்வடோரில் இரண்டு இழைகள் நெருங்கி நடக்கும், இங்கேதான் சிம்பொராசோ. அதன் உயரம் 6,263 மீட்டர்தான், ஆனால் பூமி நிலநடுக்கோட்டில் பருத்திருப்பதால் பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது இதன் உச்சி. அரிகா முழங்கைக்கு நேரே, பொலிவியாவில், மலை உச்ச அகலத்துக்கு விரிகிறது. அங்கே இரண்டு தொடர்களையும் தள்ளி வரைந்து நடுவில் ஒரு வெற்றிடம் விடுங்கள். அதுதான் அல்டிப்பிளானோ, திபெத்துக்கு அடுத்து உலகின் மிகப் பரந்த உயர்பீடபூமி. அதற்குள் விழும் தண்ணீருக்குக் கடலுக்குப் போக வழியே கிடையாது. 3,812 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாகா ஏரியின் உபரி நீர் தெற்கே வடிந்து ஆவியாகிவிடும். அதற்கும் தெற்கே பழைய ஏரிகள் வற்றிக் கிடக்கும் உப்புவெளிகள், அவற்றில் மிகப் பெரியது உயூனி. இந்த மூடிய கிண்ணத்தை நீலத்தில் ஒரு சுழியாகக் காட்டினால் போதும்.

அதற்குத் தெற்கே மலை மறுபடி ஒடுங்கும். அக்கொன்காகுவா, 6,961 மீட்டர், ஆசியாவுக்கு வெளியே உலகின் மிக உயரமான சிகரம், அர்ஜென்டினாவில் தெற்கு 32-33 டிகிரியில். இங்கே ஒரு நுணுக்கம். சிவப்புப் புள்ளிகளால் எரிமலைகளைக் குறிக்கும்போது மலை நெடுகத் தெளிக்காதீர்கள். கொலம்பியா-எக்வடோரில் ஒரு கொத்து, தென்பெருவிலிருந்து வடசிலி வரை ஒரு கொத்து, சிலியின் தென்பாதியில் ஒரு கொத்து. இடையில் உள்ள இரண்டு பெரிய இடைவெளிகளில் அடியில் நுழையும் தட்டு செங்குத்தாக இறங்காமல் கிட்டத்தட்டக் கிடையாகச் சறுக்குகிறது, அதனால் அங்கே பாறை உருகி மேலே வருவதில்லை. அக்கொன்காகுவா இருப்பது அப்படி ஒரு இடைவெளியில்தான். அதனால்தான் கண்டத்தின் மிக உயரமான சிகரம் ஓர் எரிமலை அல்ல.

தெற்கே 41.5 டிகிரி, அதாவது மேலிருந்து 21.4 செ.மீ.-இல், புவேர்ட்டோ மோன்ட் என்ற இடத்தில் இன்னொன்றைக் குறியுங்கள். அதுவரை சிலியில் கரையோரக் குன்றுகள், நடுப் பள்ளத்தாக்கு, ஆண்டீஸ் என்று மூன்றும் இணையாக இறங்கிவரும். இந்த இடத்தில் பள்ளத்தாக்கு கடலுக்குள் மூழ்கிவிடும். கரையோரக் குன்று சிலோயே தீவாகிவிடும். அதற்குக் கீழே கரை முழுக்கப் பனியாறுகள் குடைந்த நீண்ட ஒடுங்கிய கடல்நுழைவுகளான ஃபியோர்டுகள், தீவுத் துண்டுகள். கோட்டை நன்றாகக் கிழித்துக் கிழித்துப் போடுங்கள்.

காற்றுதான் சாவி

என்னைக் கேட்டால் இந்தப் படத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் இயற்கைப் பகுதிகளின் எல்லையைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த அம்புகளே. நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் அட்லாண்டிக்கிலிருந்து உள்ளே வரும் வியாபாரக் காற்றை அம்புகளாகப் போடுங்கள். ஈரத்தோடு வருகிறது, அமேசான் தாழ்நிலத்தில் தடுக்க மலை எதுவும் இல்லை, மழையாகக் கொட்டுகிறது. காட்டு மரங்கள் அந்த நீரை உறிஞ்சித் திரும்பவும் காற்றில் விட, அதே ஈரம் மேற்கே போகப் போக மறுபடி மறுபடி மழையாகிறது. கடைசியில் ஆண்டீஸில் மோதுகிறது. அங்கே அம்பு நின்றுவிடாது, மலையை ஒட்டித் தெற்கே திரும்பும், பொலிவியா, பராகுவே வழியாக லா பிளாட்டா வடிநிலத்துக்கு ஈரத்தைக் கொண்டுபோகும். இந்தத் திரும்பும் அம்பை மறக்காமல் போடுங்கள். தெற்கு 25-30 டிகிரியில், மற்ற கண்டங்களில் பாலைவனங்கள் அதிகம் காணப்படும் அந்த வரிசையில், தெற்குப் பிரேசிலும் உருகுவேயும் பச்சையாக இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

தெற்கே 40 டிகிரிக்கு வந்தால் காற்று நேர்மாறு. பசிபிக்கிலிருந்து மேலைக்காற்று வீசுகிறது. ஆகவே வடக்கில் மலையின் கிழக்குச் சரிவு நனைகிறது, மேற்கு காய்கிறது. தெற்கில் மேற்குச் சரிவு நனைகிறது, கிழக்கு காய்கிறது. இப்போது மஞ்சள் பென்சிலை எடுத்து, காயும் பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டே வாருங்கள். பெருவின் கடற்கரையில் தொடங்கி, அட்டகாமா வழியாக இறங்கி, தெற்கு 25-30 டிகிரிக்கு இடையில் மஞ்சள் மலைமேல் ஏறிக் குறுக்கே கடந்து, மேற்கு அர்ஜென்டினாவில் இறங்கி, படகோனியா வழியாக அட்லாண்டிக் கரைவரை ஒரே சாய்வுப் பட்டையாக ஓடும். அட்டகாமாவும் படகோனியாவும் இரண்டு தனித்தனிப் பெயர்கள் என்றுதான் பாடத்தில் படித்திருப்போம், படத்தில் அவை ஒரே உலர்பட்டையின் இரு முனைகள்.

அட்டகாமா மட்டும் ஏன் அவ்வளவு வறட்சி? கிழக்கே மலை ஈரத்தைத் தடுக்கிறது, மேற்கே ஹம்போல்ட் என்ற குளிர்ந்த நீரோட்டம் கடல் காற்றைக் கீழிருந்தே குளிர்விப்பதால் அது மேலெழுந்து மழை மேகமாக முடிவதில்லை, இவற்றோடு தென்பசிபிக்கின் உயர் அழுத்தம் மேலிருந்து காற்றை அமுக்குகிறது. மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருப்பதால்தான் அரிகாவில் ஆண்டுச் சராசரி மழை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மழை இல்லையே தவிர மூடுபனி உண்டு. கமன்சாக்கா என்று சொல்லும் அந்தப் பனிமூட்டம் கரையோரக் குன்றுகளில் படிந்து அங்கங்கே செடிகளை வளர்க்கிறது.

ஆறுகள்

இதுவரை செய்தது சரியாக இருந்தால் ஆறுகளை நீங்களே ஊகித்து வரையலாம். வரைந்துவிட்டு அப்புறம் இதைப் படியுங்கள். மேற்கே பெரிய ஆறு வர வாய்ப்பில்லை, மலை கடலை ஒட்டி நிற்கிறது. எல்லாம் கிழக்கே. அமேசானின் மிகத் தொலைவான ஊற்றுகள் தென்பெருவில், பசிபிக்கிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன, நீர் போவதோ அட்லாண்டிக்குக்கு, சுமார் 6,400 கிலோமீட்டர். பெருவின் இகிடோஸ் நகரம் கடலிலிருந்து ஆற்றுவழியில் சுமார் 3,600 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, உயரமோ ஏறக்குறைய 100 மீட்டர். கிலோமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர்தான் சரிவு! அதனால்தான் கடற்கப்பல்கள் அதுவரை போக முடிகிறது, வெள்ளக் காலத்தில் ஆறு காட்டுக்குள் அவ்வளவு தூரம் பரவவும் செய்கிறது. உலக ஆறுகள் கடலில் சேர்க்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஓர் ஆற்றினுடையது.

இங்குள்ள ஆறுகளின் நிறத்திலும் நிலஅமைப்பு தெரியும். ஆண்டீஸ் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை, நிறைய அரிபடுகிறது, அங்கிருந்து வரும் சொலிமோயெஸ் (பிரேசிலில் அமேசானின் மேற்பகுதிக்கு இந்தப் பெயர்) கலங்கிப் பழுப்பாக ஓடும். அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவுக்குப் பெருமளவு நீர் வருவது கயானா பக்கத்துப் பழைய, தேய்ந்த நிலத்திலிருந்தும் மணற்காடுகளிலிருந்தும். வண்டல் குறைவு, இலைச்சாறு இறங்கிக் கறுத்திருக்கும். பிரேசிலின் மனாவுஸ் நகரம் அருகே இரண்டும் சந்தித்துச் சில கிலோமீட்டர் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒரு காலத்தில், ஆண்டீஸ் இவ்வளவு எழாதபோது, இப்பகுதி ஆறுகள் பல மேற்கே ஓடி ஒரு பரந்த ஈரநிலத்தில் கலந்தன. சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்தான் கிழக்கே திரும்பிய இன்றைய அமேசான் உருவானது.

வடக்கே ஒரினோகோ கயானா உயர்நிலத்தைச் சுற்றி வளைத்துக் கடலுக்குப் போகும். அதன் மேற்பகுதியில் காசிகியாரே என்ற கால்வாய்போன்ற இயற்கை ஆறு பிரிந்து ரியோ நீக்ரோவில் சேர்கிறது. இரண்டு பெரிய வடிநிலங்களுக்கு நடுவே இயற்கையே போட்ட இணைப்பு, 1800-இல் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் இதன் வழியே பயணம் செய்திருக்கிறார். தெற்கே பராகுவே, பரனா, உருகுவே மூன்றும் லா பிளாட்டாவில் முடியும். பிரேசில் உயர்நிலத்துக்குள்ளேயே வடக்காக ஓடிக் கிழக்கே திரும்பும் சான் பிரான்சிஸ்கோவையும் சேர்த்துவிடுங்கள்.

பச்சையும் மற்றதும்

இனி வண்ணம் தீட்டுவது சுலபம். அமேசான் தாழ்நிலம் அடர்பச்சை. ஒரினோகோவின் வடமேற்குச் சமவெளி லானோஸ், வெளிர்பச்சை, பாதி ஆண்டு வெள்ளம், பாதி ஆண்டு புழுதி. பிரேசில் உயர்நிலத்தின் நடுப்பகுதி செராடோ சவானா, அதன் வடகிழக்கே முட்புதர் நிலமான காட்டிங்கா. உயர்நிலத்துக்கும் ஆண்டீஸுக்கும் நடுவில் வெப்பமான உலர்காடு கிரான் சாக்கோ.

பன்டனாலைத் தனி நிறத்தில் காட்டுங்கள். பராகுவே ஆற்றின் மேற்பகுதியில், பிரேசில்-பொலிவியா எல்லையில், கிட்டத்தட்டச் சரிவே இல்லாத தட்டுப்போன்ற நிலம், உலகின் மிகப் பெரிய வெப்பமண்டல ஈரநிலம். மழை நின்ற பிறகும் வெள்ளம் மெல்ல நகர்ந்து, சில மாதங்கள் கழித்தே தென்பகுதியில் உச்சத்தைத் தொடும்.

பாம்பாஸ் புல்வெளி லா பிளாட்டாவைச் சுற்றி. அதன் கருமண்ணுக்கு அடிப்படை காற்று அள்ளிவந்து படியவைத்த நுண்மணல்வண்டல், அந்தக் காற்று வந்த திசையும் மஞ்சள் பட்டை இருக்கும் மேற்கு, தென்மேற்குதான். படகோனியாவில் படிப்படியாகக் கடலை நோக்கி இறங்கும் மேசைநிலங்கள், குட்டைப் புதர், ஓயாத காற்று. மலைமேல் மட்டும் உயரத்தைப் பார்த்து வண்ணம் மாற்ற வேண்டும்: ஈரமான வடக்கில் மரவரம்புக்கு மேலே பாராமோ என்ற ஈரப் புல்வெளி, நடு ஆண்டீஸில் உலர்ந்த பூனா புல்வெளி, தெற்கில் பனிப்புலம்.

குறுக்குவெட்டு போட்டுச் சரிபாருங்கள்

படம் முடிந்ததும் பெயர்களை மறைத்துக்கொண்டு இரண்டு குறுக்குவெட்டுகள் வரையுங்கள். முதலாவது தெற்கு 18 டிகிரியில், மேற்கிலிருந்து கிழக்காக: அகழி, வறண்ட கரை, 6,542 மீட்டர் சஹாமா எரிமலை நிற்கும் மேற்குத் தொடர், 3,700 மீட்டர் அளவில் அல்டிப்பிளானோ, கிழக்குத் தொடர், சட்டென்று 400 மீட்டருக்கு இறங்கும் பொலிவியச் சமவெளி, 100 மீட்டர் அளவில் பன்டனால், மெல்ல ஏறும் பிரேசில் உயர்நிலம், அப்புறம் அட்லாண்டிக். இரண்டாவது தெற்கு 49.5 டிகிரியை ஒட்டி: கிழிந்த கரை, பனிப்புலம், 3,405 மீட்டர் ஃபிட்ஸ் ராய், அதன் காலடியில் பனியாறு தோண்டிய வியத்மா ஏரி, மேசைநிலம், பிறகு அட்லாண்டிக்குக்கு அருகில் கடல்மட்டத்துக்கு 105 மீட்டர் கீழே உள்ள லகூனா டெல் கார்பொன், அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் மிகத் தாழ்ந்த இடம்.

இரண்டின் மேலும் காற்று அம்பைப் போட்டு, எந்தப் பக்கம் நனையும் என்று அட்லஸைத் திறக்காமல் எழுதுங்கள். கரை ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் பரவாயில்லை. அம்பின் திசை மாறியிருந்தால் காற்றுப் பகுதிக்குத் திரும்பிப்போய், புதுத் தாளில் மஞ்சள் பட்டையை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள்.